கையால் சுற்றும் விளக்கு

அன்புள்ள ஐயா,

பஹாமாஸ் போய்வந்தது பற்றி நீங்கள் எழுதியதில் ஹோப் டவுன் துறைமுகத்துக்கு இரண்டே வரிதான் கொடுத்திருந்தீர்கள். நானும் என் வீட்டுக்காரரும் வரும் மார்ச்சில் ஃப்ளோரிடாவில் மகள் வீட்டுக்குப் போகிறோம். மாப்பிள்ளை அந்த ஊருக்கு ஒருநாள் கூட்டிப்போகிறேன் என்கிறார். பாய்ப்படகு வைத்திருக்கும் பணக்காரர்கள் வந்து தங்கும் இடம் என்று கேள்விப்பட்டேன். எங்களுக்கு அங்கே என்ன இருக்கிறது? இன்னொன்று, ஜிபிஎஸ் வந்துவிட்ட காலத்தில் அந்த ஊர்க் கலங்கரை விளக்கத்தை இன்னும் மண்ணெண்ணெயில் எரித்துக் கையால் சுற்றுவது சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டும் வேடிக்கைதானே?

ஒரு வாசகி, பாளையங்கோட்டை

அன்புள்ள அம்மா,

தாராளமாகப் போய்வாருங்கள். ஆனால் மாப்பிள்ளையிடம் சொல்லி ஓர் இரவு தங்குங்கள். பகலில் வந்தவர்கள் எல்லோரும் சாயங்காலப் படகைப் பிடித்துக் கிளம்பிவிடுகிறார்கள். அந்த ஊரின் விசேஷமோ அதற்கப்புறம்தான் தொடங்குகிறது.

பக்கத்து அபாகோ தீவின் பெரிய ஊரான மார்ஷ் ஹார்பரிலிருந்து பயணிகள் படகில் இருபது நிமிடம். எல்போ கே என்ற ஒல்லியான தீவு. துறைமுகத்தின் வாய் குறுகல், ஆழமும் கம்மி. அடிப்பாகம் ஆழமாக உள்ள படகுகள் நீர் ஏறும்வரை வெளியே காத்துக் கிடக்கும். உள்ளே நுழைந்துவிட்டால் சுற்றிலும் கரை, தெப்பக்குளம் மாதிரி தண்ணீர். பல நாள் ஆடிக் குலுங்கி வந்தவர்கள் அங்கே வந்துதான் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

பணக்காரர்கள் வருவது உண்மைதான். ஆனால் 2018 மார்ச்சில் நான் போனபோது பேசியவர்களில் பலர் ஓய்வுபெற்ற வாத்தியார்கள், நர்சுகள். வீட்டை விற்றுப் படகு வாங்கியவர்களும் இருந்தார்கள். கனடாவிலிருந்து வந்த ஒரு வயதான தம்பதி ஃப்ளோரிடாக் கரையிலேயே ஒன்பது நாள் காத்திருந்தார்களாம். ஃப்ளோரிடாவுக்கும் பஹாமாஸுக்கும் நடுவே வளைகுடா நீரோட்டம் வடக்கு நோக்கி ஓடுகிறது. வடகாற்று எதிரே அடித்தால் அலை செங்குத்தாக எழும்பிவிடும். காற்று மாறும்வரை யாரும் அதைக் கடக்க மாட்டார்கள். அதைத் தாண்டினாலும் வேல் கே என்ற இடத்தில் உள்பக்கம் மணல்மேடு. திறந்த கடலுக்கு வெளியேறிச் சுற்றித்தான் வரவேண்டும். அங்கே கடல் கொந்தளித்தால் உள்ளூரில் ‘ரேஜ்’ என்பார்கள். கடலுக்குச் சினம் வந்துவிட்டது என்று அர்த்தம். காலை எட்டேகாலுக்கு எல்லாப் படகுகளும் ரேடியோவில் 68ஆம் சானலைத் திருப்பிவைத்துக் கேட்டன. வானிலை, வேல் கே பக்கம் அலை எப்படி என்ற தகவல், அப்புறம் ஊர்ச் செய்தி.

சரி, விளக்குக்கு வருகிறேன்.

சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட கோபுரம், 101 படி. அந்தி நேரத்தில் மேலே வர அங்கிருந்த விளக்குக் காவலர் அனுமதித்தார். எண்ணெய்த் தொட்டியில் காற்றடித்தார். எரிமுனையைச் சூடாக்கினார். எண்ணெய் ஆவியாகி மேலேறி மேண்டில் என்ற வலைத்திரியில் பற்றியது. உஸ்ஸென்று ஒரு சத்தம், பிறகு வெண்மை. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. கோயில் கொடைக்கு எங்கள் மாமா பம்ப் அடித்துக் கொளுத்துவாரே, அதே பெட்ரோமாக்ஸ்! அந்தச் சின்னச் சுடரைச் சுற்றி ஆளைவிட உயரமான கண்ணாடி வில்லைக் கூண்டு. டன் கணக்கில் எடை. அது பாதரசத் தொட்டியில் மிதப்பதால் ஒரு விரலால் தள்ளினாலே நகர்கிறது. காவலர் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றச் சுற்ற, கீழே இறங்கியிருந்த எடைகள் கோபுரத்தின் நடுவே மேலேறின. அவை மெல்ல இறங்கும்போதுதான் கூண்டு சுற்றுகிறது. பழைய பெண்டுலக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிற மாதிரிதான். சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இதைச் செய்யவேண்டும், விடியும்வரை. கடலிலிருந்து பார்ப்பவருக்குப் பதினைந்து விநாடிக்கு ஐந்து பளிச்சுகள் தெரியும். எண்ணிப் பார்த்து இது எல்போ ரீஃப் விளக்கு, அதாவது இந்தக் கோபுரம்தான் என்று தெரிந்துகொள்வார்.

கலங்கரை என்ற நம் சொல்லை அன்றைக்குத்தான் நான் சரியாகக் கேட்டேன். காக்கை கரைவது போலக் கலத்தைப் பார்த்துக் கரைவது.

இந்த ஊரே ஒரு காலத்தில் இந்த விளக்கை வேண்டாம் என்றது. அமெரிக்கச் சுதந்திரப் போருக்குப் பிறகு பிரிட்டிஷ் மன்னர் பக்கம் நின்றவர்கள் 1785 வாக்கில் குடியேறிய ஊர் இது. தென் கரோலினாவிலிருந்து பிள்ளைகளோடு வந்த வையானி மலோன் என்ற விதவையைத்தான் ஊரின் முதல் தாயாகச் சொல்கிறார்கள். மண்ணில் பெரிதாக ஒன்றும் விளையவில்லை. பவளப்பாறையில் மோதி உடைகிற கப்பல்களிலிருந்து ஆளையும் சரக்கையும் மீட்டுப் பங்கு வாங்குவதே பிழைப்பானது. 1860களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் அரசு கோபுரம் கட்ட வந்தபோது, வேலையாட்களுக்குக் குடிதண்ணீர் தர மறுத்தார்கள், சாமான் ஏற்றிய படகை மூழ்கடித்தார்கள் என்று ஊரில் இன்னும் சொல்கிறார்கள். 1864 முதல் விளக்கு எரிந்தது. கப்பல் உடைவது குறைந்தது. 1990களில் இதைத் தானியங்கியாக மாற்ற ஏற்பாடு நடந்தபோது, அதே ஊர்க்காரர்கள் கூடாது என்று நின்றார்கள். மண்ணெண்ணெயில் எரிந்து கையால் சுற்றும் விளக்கு பஹாமாஸில் மூன்றே இடத்தில் மிஞ்சியது அப்படித்தான்.

ஆகவே இதை வேடிக்கை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஜிபிஎஸ் இல்லாமல் இன்று யாரும் வருவதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாறை இருந்த இடத்திலேயே இருக்கிறது. ராத்திரி முழுக்க ஒரு மனிதர் அதை நினைத்துக்கொண்டு கண் விழித்திருந்தார். அது எனக்குப் பெரிய காரியமாகத் தெரிகிறது.

நான் பார்த்தது புயலுக்கு முந்தைய ஊர். 2019 செப்டம்பர் 1 அன்று டோரியன் முதலில் கரை தொட்டது இந்தத் தீவில்தான், மணிக்கு 295 கிலோமீட்டர் காற்றோடு. துறைமுகத்துப் படகுகள் கரையில் குவிந்தன, வீடுகள் சிதறின. கோபுரம் நின்றது. எல்லோரும் அந்தப் படத்தைத்தான் பகிர்ந்தார்கள். மார்ஷ் ஹார்பரில் ‘த மட்’ என்ற குடியிருப்பு அடியோடு போனதை அந்த அளவு பேசவில்லை. ஹெய்தியிலிருந்து வந்தவர்கள் பலகை வீடுகளில் நெருக்கமாக வாழ்ந்த இடம் அது. இந்தத் தீவுகளின் கட்டட வேலையையும் தோட்ட வேலையையும் செய்தவர்கள் அவர்கள். படகுத்துறைக்குப் போகும் வழியில் அந்த ஊரையும் கண் திறந்து பாருங்கள், அம்மா.

அப்புறம், ஊரில் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழியுங்கள். வீடுகளில் மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்துத்தான் புழங்குகிறார்கள். 101 படியை நினைத்து முழங்கால் பயப்படவேண்டாம். நடுநடுவே ஜன்னல் இருக்கிறது. நின்று துறைமுகத்தைப் பார்த்தபடி மெதுவாக ஏறலாம். மேலே போக முடியாவிட்டாலும், இருட்டிய பிறகு எதிர்க்கரையில் உட்கார்ந்து ஐந்து பளிச்சுகளை எண்ணுங்கள்.