லேபிள் கேள்வி பதில்: பின்பக்கத்தை முதலில் எழுதுங்கள்

சென்னையில் சிறிய அளவில் பொருள் தயாரித்து விற்பவர்கள் லேபிள் பற்றி அனுப்பிய கேள்விகள் இவை. நான் பேக்கேஜிங் வடிவமைப்பு செய்பவள். உணவுக் கேள்விகள்தான் அதிகம் வந்தன, சோப்பும் எண்ணெயும் கொஞ்சம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாக்கிவிட்டேன்.

அம்பத்தூர், இட்லிப்பொடி: அக்கா, டிசைனர் முன்பக்கத்தை அழகாக முடித்துவிட்டார். பின்பக்கத்துக்கு விவரம் கேட்கிறார். என்னென்ன கொடுக்க வேண்டும்?

பதில்: பின்பக்கத்தை எழுதிவிட்டுத்தான் அவரிடம் போயிருக்க வேண்டும். கட்டாய விவரங்கள் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று தெரிந்தால்தான் பையின் அளவையே முடிவு செய்ய முடியும். முன்பக்கம் முதலில் முடிந்துவிட்டால், மிச்சமிருக்கும் மூலையில் எல்லாவற்றையும் எறும்பு எழுத்தில் திணிப்பார்கள். நான் பார்க்கும் லேபிள் தப்புகளில் பாதி இப்படி வந்தவைதான்.

உங்களுக்கு இரண்டு சட்டங்கள் பொருந்தும். ஒன்று, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2020 லேபிள் விதிமுறைகள். இன்னொன்று, எடையளவுச் சட்டத்தின் கீழ் வரும் 2011 பொட்டலப் பொருள் விதிகள். இரண்டாவது சோப்பு, பென்சில், விளக்குத்திரி என்று பாக்கெட்டில் வரும் எல்லாவற்றுக்கும் பொது. இரண்டும் சேர்ந்து கேட்பவை: பொருளின் பெயர், சைவக் குறி, எடை அதிகமுள்ளதிலிருந்து குறைவானது வரை வரிசையாக மூலப்பொருட்கள், ஊட்டச்சத்து அட்டவணை, ஒவ்வாமை அறிவிப்பு, நிகர எடை, எல்லா வரியும் சேர்ந்த எம்.ஆர்.பி., ஒரு கிராமுக்கு என்ன விலை என்ற அலகு விலை, தயாரித்த தேதி, காலாவதி தேதி, பேட்ச் எண், முழு முகவரி, புகார் சொல்ல போன் எண்ணும் மின்னஞ்சலும், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சின்னத்தோடு 14 இலக்க எண்.

அலகு விலையைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். 200 கிராம் பாக்கெட் 120 ரூபாய் என்றால் கிராமுக்கு 60 பைசா என்று போட வேண்டும். அடுத்தது கிராமுக்கான குறியீடு. ஆங்கிலச் சிறிய ‘ஜி’ ஒன்று மட்டும்தான் சரி. ‘ஜிஎம்எஸ்’, ‘கேஜிஎஸ்’ எல்லாம் பழக்கத்தில் வந்தவை, விதியில் கிடையாது.

பிராண்டு பெயரைப் பெரிதாகப் போட்டுவிட்டு உள்ளே இருப்பது என்ன என்று சொல்லாமல் விட்ட பைகளும் பார்த்திருக்கிறேன். ‘இட்லிப்பொடி’ என்ற பெயர் முன்பக்கத்தில் கண்ணில் படும்படி இருக்க வேண்டும், பக்கத்திலேயே சைவக் குறி.

இட்லிப்பொடி என்பதால் ஒன்று கேட்கிறேன். எந்தப் பெருங்காயம் சேர்க்கிறீர்கள்? கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். நீங்கள் போடுவது அரை ஸ்பூன்தான். ஆனால் குளூட்டன் (கோதுமை போன்றவற்றில் இருக்கும் புரதம்) உள்ள தானியம் ஒவ்வாமைப் பட்டியலில் இருப்பதால், ‘கோதுமை உள்ளது’ என்று அறிவிக்க வேண்டும். எவ்வளவு குறைவாகச் சேர்த்தாலும் இதில் விலக்கு இல்லை. அரிசிமாவு சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது, அதற்கு மாறினால் இந்தத் தொல்லை போகும். எள் நம் நாட்டுப் பட்டியலில் இல்லை. இருந்தாலும் எழுதிவிடுங்கள். அமெரிக்காவில் 2023 ஜனவரி முதல் எள் கட்டாய அறிவிப்பில் இருக்கிறது, இட்லிப்பொடி எப்படியும் ஒருநாள் அங்கே போய்விடும்.

தாம்பரம், மசாலாப் பொடிகள்: மேடம், மிளகாய்த்தூள், மல்லித்தூளுக்கும் ஊட்டச்சத்து அட்டவணை வேண்டுமா?

பதில்: வேண்டாம். மசாலாப் பொருளுக்கும் அவற்றின் கலவைக்கும் விலக்கு உண்டு. ‘நார்ச்சத்து மிக்கது’ என்று ஏதாவது பெருமை எழுதினால் அந்த விலக்கு போய்விடும். பருப்பு சேரும் இட்லிப்பொடி, பருப்புப்பொடி வெறும் மசாலா இல்லை என்பதால் அவற்றுக்கு அட்டவணை போடுங்கள். என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தில் கொடுத்து வாங்குவது நல்லது, இணையத்தில் வேறொருவர் பொடியின் எண்களை எடுத்துப் போடாதீர்கள்.

100 கிராமுக்கு எவ்வளவு என்பதோடு, ஒரு முறை பரிமாறும் அளவு ஒருநாள் தேவையில் எத்தனை சதவீதம் என்றும் வர வேண்டும். கணக்குக்கு அடிப்படை: 2000 கிலோ கலோரி, மொத்தக் கொழுப்பு 67 கிராம், நிறைவுற்ற கொழுப்பு 22 கிராம், டிரான்ஸ் கொழுப்பு 2 கிராம், சேர்த்த சர்க்கரை 50 கிராம், சோடியம் 2000 மில்லிகிராம்.

மயிலாப்பூர், ஊறுகாய்: ‘வீட்டுமுறைத் தயாரிப்பு, 100% தூய்மை, பாரம்பரிய சுவை’ என்று போட ஆசை. எல்லாரும் போடுகிறார்களே?

பதில்: எல்லாரும் போடுகிறார்கள் என்பது உண்மைதான். மாட்டும்போது தனித்தனியாகத்தான் மாட்டுவார்கள். 2018இல் வந்த விளம்பரம் பற்றிய விதிமுறைகளில், ‘வீட்டில் செய்தது’, ‘வீட்டுச் சமையல்’ போல வாங்குபவரைத் தவறாக நினைக்க வைக்கும் சொற்கள் கூடாது என்றே இருக்கிறது. உங்கள் யூனிட் வேளச்சேரியில் வாடகைக் கட்டடத்தில் இயங்குகிறது என்றால் ‘வீட்டுமுறை’யை எப்படி நியாயப்படுத்துவீர்கள்? ‘பாரம்பரியம்’ என்று சொல்ல, அந்தச் செய்முறை குறைந்தது 30 ஆண்டுகளாகத் தலைமுறை தாண்டி வந்திருக்க வேண்டும். ஆவக்காய்க்கு அது பிரச்சினையே இல்லை, தாராளமாகப் போடுங்கள். உங்கள் புது அவகாடோ தொக்குக்குப் போடாதீர்கள்.

‘100%’ வேண்டவே வேண்டாம். 2024 ஜூனில் பழச்சாறு கம்பெனிகளிடம் அந்த வார்த்தையை நீக்கச் சொன்ன ஆணையம், 2025 மே மாதத்தில் உணவு லேபிள் எதிலுமே அதைத் தவிர்க்கச் சொல்லிவிட்டது. சரி, பிராண்டு பெயரிலேயே ‘சுத்தம்’, ‘இயற்கை’ என்று இருந்தால்? ‘இது பிராண்டு பெயர் மட்டுமே, பொருளின் உண்மைத் தன்மையைக் குறிப்பதல்ல’ என்ற அர்த்தத்தில் 3 மில்லிமீட்டருக்குக் குறையாத எழுத்தில் ஒரு வரி போட வேண்டும். நம் பொருளைப் பற்றி நாமே இப்படி எழுதுவதைவிட, பெயர் வைக்கும்போதே யோசிப்பது மேல்.

தவறான லேபிளுக்கு 3 லட்சம் ரூபாய் வரை, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் பயத்துக்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. ‘நல்லெண்ணெய், கல்லுப்பு, வெயிலில் உலர்த்திய மாங்காய்’ என்று எழுதிப் பாருங்கள். பொய் ஒன்றுமில்லை, வாயும் ஊறுகிறது. ‘பிரீமியம் குவாலிட்டி’ படித்து யாருக்கு வாய் ஊறியது?

போரூர், மரச்செக்கு எண்ணெய்: கடலை எண்ணெயில் ‘கொலஸ்ட்ரால் எதிர்ப்பு’ என்று போடச் சொல்கிறார்கள். லிட்டர் போடுவதா, கிலோ போடுவதா?

பதில்: ‘கொலஸ்ட்ரால் எதிர்ப்பு’, ‘இதயத்துக்கு இதம்’, ‘டபுள் ரிஃபைன்ட்’ ஆகிய சொற்கள் சமையல் எண்ணெய் லேபிளில் வரவே கூடாதவை என்று விதிமுறையே பட்டியல் போட்டிருக்கிறது. அளவை லிட்டரிலும் எடையிலும் சேர்த்துப் போடுங்கள். ‘30 டிகிரி வெப்பத்தில்’ என்ற பழைய குறிப்பை எடுக்கச் சொல்லி 2022லேயே நுகர்வோர் துறை அறிவித்துவிட்டது. எண்ணெய் சூட்டில் விரியும், எடை மாறாது. வாங்குபவருக்கு எடைதான் பாதுகாப்பு.

பெரம்பூர்: முழு லேபிளும் தமிழில் மட்டும் இருக்கலாமா?

பதில்: கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருந்தாக வேண்டும். தமிழைக் கூடுதலாக, எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் போடலாம், விவரங்கள் ஒன்றுக்கொன்று முரண்படக் கூடாது. 2023 மார்ச்சில் தயிர் பாக்கெட்டில் ‘தஹி’ என்று போடச் சொல்லி ஆவினுக்கு உத்தரவு வந்து, முதல்வர் வரை எதிர்ப்புக் கிளம்பி, சில நாளிலேயே அந்தந்த ஊர்ப் பெயரை அடைப்புக்குறிக்குள் போடலாம் என்று திருத்தினார்களே, நினைவிருக்கும். முன்பக்கத்தில் தமிழைப் பெரிதாக வையுங்கள். நம் ஊர் கடை அலமாரியில் அதுதான் முதலில் கண்ணில் படும்.

கொளத்தூர், கேக்: முட்டை சேர்த்தால் எந்தக் குறி?

பதில்: பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். முன்பு வட்டமாக இருந்தது. நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கும் புரியட்டும் என்று மாற்றினார்கள். பாலும் தேனும் சைவக் குறிக்குள் வரும்.

திருவொற்றியூர், முறுக்கு: 500 கிராம் பாக்கெட்டில் 490 இருந்தால் தப்பா?

பதில்: ஒரு தனி பாக்கெட்டில் 15 கிராம் வரை குறையலாம். ஆனால் மொத்த பேட்சின் சராசரி 500க்குக் கீழே போகக் கூடாது. எல்லாப் பாக்கெட்டையும் 490க்கு அளந்து போட்டால் அது ஏமாற்று. கவரின் எடையைக் கழித்துவிட்டு அளவிடுங்கள். ‘சுமார் 500’ என்றும் போட முடியாது.

வில்லிவாக்கம், சிறுதானிய மாவு: ஆண்டர்சன் தெருவில் மொத்தமாக லேபிள் அடித்தோம். இப்போது விலை ஏற்ற வேண்டும். மேலே ஸ்டிக்கர் ஒட்டலாமா?

பதில்: ஏற்றுவதற்கு ஒட்டக் கூடாது. குறைப்பதற்கு ஒட்டலாம், அப்போதும் பழைய விலையை மறைக்கக் கூடாது. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. குறைந்தபோது நிறைய பாக்கெட்டுகளில் இரண்டு விலை பார்த்திருப்பீர்கள், அது இந்த வகை.

இனிமேல் விலை, தேதி, பேட்ச், அலகு விலை நான்கையும் லேபிளோடு சேர்த்து அச்சடிக்காதீர்கள். அந்த இடத்தை பளபளப்பில்லாத வெள்ளைக் கட்டமாக விட்டுவிட்டு, பேக் செய்யும்போது நீங்களே அடியுங்கள். கையில் பிடிக்கும் இங்க்ஜெட் கோடர் போதும். பழைய கட்டு எவ்வளவு மிச்சமிருந்தாலும் கிழித்துப் போடுவதுதான் மலிவு.

மடிப்பாக்கம், ஊறுகாய் மற்றும் பால்கோவா: தேதி ஸ்டிக்கர் ஒரு மாதத்தில் வெளுத்துவிடுகிறது. பாட்டில் லேபிள் எண்ணெய்க் கறையாகிறது.

பதில்: உங்கள் பிரின்டர் ரிப்பன் இல்லாத நேரடி வெப்ப வகையாக இருக்கும். கடையில் தரும் பில் அதே தாள்தான். சூட்டிலும் வெளிச்சத்திலும் மங்கும், நம் ஊர் மே மாதத்தில் கேட்கவே வேண்டாம். காலாவதி தேதி அழிந்த பாக்கெட், தேதியே போடாத பாக்கெட்டுக்குச் சமம். ரிப்பன் வைத்து அடிக்கும் வகைக்கு மாறுங்கள். எண்ணெய்ப் பொருளுக்கு மெழுகு ரிப்பன் போதாது, ரெசின் ரிப்பன் வாங்குங்கள்.

ஊறுகாய்க்குக் காகித ஸ்டிக்கர் ஒத்துவராது, பி.பி. பிளாஸ்டிக் லேபிள் வேண்டும். ஊற்றி மூடிய பிறகு ஒட்டினால் பாட்டிலின் வெளியில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் இருக்கும், பசை பிடிக்காது. காலி பாட்டிலிலேயே ஒட்டிவிடுங்கள். பால்கோவா டப்பாவை ஃபிரிட்ஜில் வைக்கும் முன்பே, ஈரமில்லாதபோது ஒட்ட வேண்டும். குளிருக்கான பசை என்று கேட்டு வாங்குங்கள், சாதாரணப் பசை வெளியே எடுத்ததும் வியர்த்து நழுவும்.

திருவல்லிக்கேணி, இனிப்பு: மெரூன் பெட்டியில் தங்க எழுத்து. ராயலாக இருக்கிறது, ஆனால் படிக்க முடியவில்லை என்கிறார்கள்.

பதில்: அவர்கள் சொல்வது சரி. தங்க ஃபாயில் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், டியூப்லைட்டுக்குக் கீழே பாதி எழுத்து காணாமல் போகும். கடையின் பெயருக்கு மட்டும் தங்கம் வையுங்கள். எடை, விலை, தேதியெல்லாம் பின்னணியிலிருந்து தெளிவாக வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்பது விதி. கிரீம் நிறப் பட்டையில் அடர் பழுப்பு எழுத்து வைத்தால் அழகும் கெடாது.

அச்சுக்குப் போகும் முன் இரண்டு சோதனை செய்யுங்கள். நிஜ அளவில் சாதாரணத் தாளில் பிரின்ட் எடுத்து, வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் கண்ணாடி இல்லாமல் தேதியை வாசிக்கச் சொல்லுங்கள். அப்புறம் முன்பக்கத்தை போனில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். ஆப்பில் விற்றால் வாங்குபவர் பார்ப்பது அந்த அளவுதான்.

பல்லாவரம், மூலிகை சோப்பு: வீட்டில் செய்து விற்கிறேன். லேபிளில் என்ன வேண்டும்?

பதில்: லேபிளுக்கு முன் உரிமம் வேண்டும். குளியல் சோப்பு அழகுசாதனப் பொருள், 2020 விதிகளின்படி உற்பத்தி உரிமம் இல்லாமல் விற்கக் கூடாது. தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள மருந்துக் கட்டுப்பாட்டு இயக்குநரகத்தில் விசாரியுங்கள். அந்த உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி, மூலப்பொருட்கள் எல்லாம் லேபிளில் வரும். கையால் செய்த சோப்பு காயக்காய எடை குறையும். அதனால் நிகர எடையோடு ‘பேக் செய்தபோது’ என்று சேர்க்கச் சோப்புக்கு அனுமதி உண்டு, விட்டுவிடாதீர்கள். ‘சொரியாசிஸ் குணமாகும்’ என்று எழுதினால் சோப்பு மருந்தாகிவிடும், அது வேறு உரிமம், வேறு வம்பு.

ஆவடி: பார்கோடு கட்டாயமா? ஸ்கேன் ஆகாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பதில்: சட்டப்படி கட்டாயமில்லை, சூப்பர் மார்க்கெட்டுகள் கேட்கும். எண்ணை ஜி.எஸ்.1 இந்தியாவிடம் வாங்க வேண்டும், 890 என்று தொடங்கும். நிலையான அளவு 37.29க்கு 25.93 மில்லிமீட்டர், அதில் 80 சதவீதத்துக்குக் கீழே சுருக்காதீர்கள். இருபுறமும் உள்ள வெற்றிடத்தையும் தின்னக் கூடாது. கோடுகள் சிவப்பாக இருந்தால் ஸ்கேனரின் சிவப்பு ஒளிக்கு அவை தெரியாது. உங்களுடையது குங்குமச் சிவப்பு என்று எழுதியிருக்கிறீர்கள், காரணம் அதுதான். உருண்டை பாட்டிலில் கோடுகள் ஏணிப்படி போல ஒன்றின்மேல் ஒன்றாக வரட்டும்.

குரோம்பேட்டை: கியூ.ஆர். கோடு வைத்துவிட்டு மற்ற விவரங்களை எடுத்துவிடலாமா?

பதில்: உணவுக்கு முடியாது. கூடுதலாக வையுங்கள்.

அண்ணாநகர், காபித்தூள்: முதல் தடவை எவ்வளவு அச்சடிக்கலாம்? நேரடியாகப் பிரின்டட் பை போகச் சொல்கிறார்கள்.

பதில்: சாதாரணப் பையில் டிஜிட்டல் ஸ்டிக்கர் ஒட்டிச் சில நூறு மட்டும் விற்றுப் பாருங்கள். பிரின்டட் பை என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் அச்சு உருளை, அதாவது சிலிண்டர், செதுக்குவார்கள், ஆர்டரும் ஆயிரக்கணக்கில்தான் எடுப்பார்கள். பிறகு முகவரியோ எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்ணோ மாறினால் அந்த எழுத்து எந்தெந்த நிறத்தில் இருக்கிறதோ அத்தனை சிலிண்டரையும் மாற்ற வேண்டும். அதனால் பைக்குப் போகும்போது சட்டம் கேட்கும் எழுத்து மொத்தத்தையும் ஒற்றைக் கறுப்பில் வைக்கச் சொல்லுங்கள், மாறினாலும் ஒரு சிலிண்டர் செலவோடு போகும்.