பேரலில் லண்டன் முத்திரை இருந்தால் லண்டன் கோல்ட்டா?

கேள்வி: அமெரிக்காவில் ஓர் ஏலத்துக்கு கோல்ட் (Colt) நிறுவனத்தின் 1851 நேவி ரிவால்வர் வருகிறது. ‘லண்டனில் செய்தது, அபூர்வம்’ என்று விலையை ஏற்றியிருக்கிறார்கள். படத்தில் பேரலில் (துப்பாக்கிக் குழலில்) இங்கிலாந்து சோதனை முத்திரை தெரிகிறது. டிரிகர் கார்டு (விசையைச் சுற்றிய காப்பு வளையம்) பித்தளை. வாங்கலாமா?

பதில்: முத்திரையை மட்டும் நம்பி அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்காதீர்கள். கிரீடத்தின் கீழ் ‘வி’, கிரீடத்தின் கீழ் ‘ஜிபி’ ஆகிய இரண்டும் லண்டனில் பார்வையிட்டும் சுட்டும் சோதித்ததற்கான அடையாளங்கள். கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்போர்டில் செய்து இங்கிலாந்தில் விற்றவற்றிலும் இதே முத்திரைதான் இருக்கும்.

சாமுவேல் கோல்ட் தேம்ஸ் கரையில் நடத்திய தொழிற்சாலை 1853 முதல் 1856 வரைதான் ஓடியது. அங்கே செய்ததில் பேரலின் மேல் முகத்தில் கர்னல் கோல்ட், லண்டன் என்ற முகவரி வரி இருக்கும். டிரிகர் கார்டும் கைப்பிடியின் பின்பட்டையும் பெரும்பாலும் இரும்பு. ஹார்ட்போர்டில் வழக்கம் வெள்ளி முலாம் பூசிய பித்தளை. சின்னக் காந்தம் ஒன்று போதும், சோதித்துவிடலாம். ஆனால் ஒட்டவில்லை என்றதும் போலி என்று ஒதுக்கிவிடவும் கூடாது. ஆரம்பத்தில் ஹார்ட்போர்டிலிருந்து வந்த பாகங்களை வைத்தே லண்டனில் பூட்டினார்கள். அவற்றில் பித்தளை வரும். லண்டனுக்கு 1-இல் தொடங்கிய தனி எண்வரிசை உண்டு. எனவே சிறிய எண்ணோடு பித்தளை என்றால் பொருந்தும். பெரிய எண்ணோடு பித்தளை என்றால் டிரிகர் கார்டு எப்போதோ மாற்றப்பட்டதா என்று கேளுங்கள்.

அடுத்து எண்கள். பிரேம், பேரல், சிலிண்டர், டிரிகர் கார்டு, பின்பட்டை, பேரலைப் பூட்டும் ஆப்பு எல்லாவற்றிலும் ஒரே எண் இருக்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் தெளிவான படம் கேளுங்கள். முதலில் தொலைவது ஆப்புதான். அதில் மட்டும் எண் மாறியிருந்தால் பெரிய குறையில்லை. பேரலில் மாறியிருந்தால் விலை இறங்கவேண்டும்.

நீள்வட்டத்துக்குள் ‘இ எல் ஜி’ என்று கண்டால் அது பெல்ஜியத்தின் லியேஜ் நகரச் சோதனை முத்திரை. லண்டன் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். கையில் வாங்கியதும் சிலிண்டரின் ஆறு அறைகளிலும் முன்பக்கமாக மரக்குச்சி விட்டு ஆழம் பாருங்கள். பழைய ரிவால்வர்களில் வெடிமருந்தும் குண்டும் அப்படியே கிடப்பதுண்டு.

கேள்வி: கோல்ட் நிறுவனமே 1970-களில் மறுபடி விற்ற 1851 நேவி முழுக்க அமெரிக்கத் தயாரிப்பா?

பதில்: இல்லை. 1971-இல் தொடங்கிய அந்த வரிசையின் முரட்டு வார்ப்புகள் இத்தாலியிலிருந்து வந்தன. தீட்டிப் பூட்டியது அமெரிக்காவில். முழுக்க இத்தாலியில் செய்த நகல் என்றால் நட்சத்திரத்தின் கீழ் ‘பிஎன்’ என்ற கருமருந்துச் சோதனை முத்திரையும், சிறு கட்டத்துக்குள் ஆண்டுக் குறியும் இருக்கும்: ‘ஏஏ’ 1975, ‘பிஏ’ 1991, ‘சிஏ’ 2006. அந்தக் கட்டம் இருந்த இடம் அரத்தால் ராவி மழுங்கியிருந்தால், நகலைப் பழையதாகக் காட்ட அழித்திருக்கலாம்; வாங்கவே வேண்டாம்.