கரையேறிய செராங் (மாலுமிகளின் தலைவர்) பதில்கள்

கேள்வி: போர்ட் என்றால் துறைமுகம். அகராதியிலோ கப்பலின் இடப்பக்கம், ஒயின், கம்ப்யூட்டர் துளை என்றும் போட்டிருக்கிறது. இவற்றுக்குள் உறவு உண்டா ஐயா?
— கல்லூரி மாணவி, களியக்காவிளை

உண்டு, மக்களே. பழங்கால வடகடல் கப்பல்களில் சுக்கான் நடுவில் இல்லை. வலப்பக்கம் தொங்கவிட்ட பெரிய துடுப்புதான் சுக்கான். அது துறைமேடையில் இடித்தால் முறிந்துவிடும். அதனால் இடப்பக்கத்தையே அணைத்துக் கட்டினார்கள். துறையைப் பார்த்த பக்கம் போர்ட் ஆயிற்று. திருப்பும் துடுப்பு இருந்த பக்கம் ஸ்டார்போர்ட். வானத்து நட்சத்திரத்துக்கு அதில் வேலையே இல்லை.

இடப்பக்கத்துக்கு முன்பு லார்போர்ட் என்று பெயர். காற்று அலறும்போது லார்போர்ட், ஸ்டார்போர்ட் என்று கத்தினால் எது யார் காதில் விழும்? 1844இல்தான் பிரிட்டிஷ் கடற்படைக்குப் புத்தி வந்து, லார்போர்ட்டை ஒழித்துப் போர்ட் என்றே சொல்ல உத்தரவிட்டார்கள்.

ஒயினுக்கு அந்தப் பெயர் போர்ச்சுகலின் போர்ட்டோ நகரத்தால் வந்தது. அந்த ஊர்ப் பெயருக்கே துறைமுகம்தான் மூலம். கம்ப்யூட்டர் துளை சற்றுத் தூரத்துச் சொந்தம்: வாசலைக் குறிக்கும் போர்ட்டா என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது. கப்பலின் வட்ட ஜன்னலான போர்ட்ஹோலும் அந்த வீட்டுப் பிள்ளையே.

போர்ட் பக்கம் சிவப்பு விளக்கு, ஸ்டார்போர்டில் பச்சை. தேங்காப்பட்டணத்தில் இரவில் நிற்கும்போது இரண்டும் சேர்ந்து தெரிந்தால் படகு உன்னை நோக்கித்தான் வருகிறது.

கேள்வி: கிரிக்கெட்டில் பிட்ச், சங்கீதத்தில் பிட்ச், கப்பலிலும் பிட்ச் என்கிறார்களே?
— வாசகர், செங்கோட்டை

கப்பலில் மட்டுமே இரண்டு பிட்ச் உண்டு. முன்பக்கம் முங்கி எழுவது ஒன்று. பலகை இடுக்குகளில் பூசும் கீல், அதாவது தார், மற்றொன்று. கீல், பிக்ஸ் என்ற லத்தீன் சொல்லிலிருந்து தனியாக வந்தது. முங்கி எழுவதும் கிரிக்கெட் களமும் பாட்டின் சுருதியும், குத்தி நாட்டுதல், எறிதல் என்ற ஒரே வினையின் வாரிசுகள்.

எங்கள் கடற்கரையில் சேவியர் என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள். பத்துப் பேரும் அண்ணன் தம்பியா? நல்ல ஆங்கில அகராதியில் தலைச்சொல்லின் தோளில் சிறிய எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே எழுத்துக்கூட்டல் 1, 2 எனத் தனித்தனித் தலைச்சொல்லாக நின்றால் பெரும்பாலும் பிறப்பே வேறு. ஒன்றின் கீழேயே பொருள்கள் வரிசையாக வந்தால் ஒரே ஆள் பார்த்த பல வேலைகள்.

கேள்வி: சரக்கைப் பிடித்து வைப்பதால்தானே கப்பலின் அடியறைக்கு ஹோல்ட் என்று பெயர்?
— ஆசிரியர், பாறசாலை

இல்லை. குழி, பள்ளம் என்று பொருள்படும் பழைய சொல் அது. பிடித்தல் என்ற சொல்லின் சாயல் பட்டுக் கடைசியில் ‘ட்’ ஒட்டிக்கொண்டது.

கேள்வி: எங்கள் கடையில் ஷீட் என்றால் தகரம். வீட்டில் படுக்கை விரிப்பு. கப்பலில் பாயா?
— வியாபாரி, மார்த்தாண்டம்

கயிறு! பாயின் கீழ் மூலையை இழுத்துக் கட்டும் கயிறு. பாய்மரக்காரர் யாராவது ஷீட் கேட்டு வந்தால், தகரத்தை வெட்டும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.