பேஸ் ஆம்ப் வாங்கப் போகிறவர்கள் கேட்டவையும் என் பதில்களும்

நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் கோயில் கொடை விழா, கல்யாண வரவேற்பு, கிறிஸ்துமஸ் கேரல் என்று இருபது வருஷமாக பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். அதன் சத்தத்தைக் கூட்டித் தருகிற ஆம்ப் வாங்குவதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகள் இவை.

கருங்கல், கல்லூரி மாணவர்: அண்ணா, டிரம்ஸ், இரண்டு கிட்டார், நான் பேஸ். மொட்டை மாடி அறையில்தான் ரிகர்சல். 40 வாட்ஸ் போதுமா, 100 வேண்டுமா?

முதலில் உங்கள் டிரம்ஸ்காரர் எப்படி அடிப்பார் என்று சொல்லு தம்பி, அப்புறம் வாட்ஸ் பேசலாம். கஹோன் (கையால் தட்டுகிற மரப்பெட்டி) மாதிரி மெதுவான தாளத்துக்கு 40 வாட்ஸ் தாராளம். குச்சியை ஓங்கி அடிக்கிற பையன் என்றால் 40 வாட்ஸை முழுக்கத் திறந்தாலும் டப் டப் என்றுதான் கேட்கும், என்ன சுரம் வாசிக்கிறாய் என்று உனக்கே தெரியாது. உங்கள் கூட்டத்துக்கு 100 வாட்ஸ், 12 இன்ச் ஸ்பீக்கர் என்று ஆரம்பிக்கலாம். ஃபெண்டர் ரம்பிள் 100 அந்தக் கணக்கில் வரும், எடையும் 10 கிலோதான்.

கடைக்காரர் 100 வாட்ஸைக் காட்டிவிட்டு 200ஐக் காட்டி 'டபுள் சத்தம் சார்' என்பார். வாட்ஸ் இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல், அவ்வளவுதான். காதுக்கு இரட்டிப்பாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட்ஸ். அதனால் 100க்கும் 120க்கும் நடுவில் நின்று மண்டையை உடைக்காதே, ஸ்பீக்கர் எவ்வளவு பெரியது, எத்தனை இருக்கிறது என்று பார்.

இன்னொன்று, ஆம்பை மூலையில் தரையோடு வைக்காதே. கான்கிரீட் அறையில் மூலை என்பது அடிச்சத்தத்தை ஊதிப் பெரிதாக்குகிற இடம், எல்லாம் ஒரே முழக்கமாகிவிடும். ஒரு ஸ்டூல் மேல் தூக்கி வை. பேஸ் திருகைக் கொஞ்சம் குறைத்து, மிட் என்கிற நடுச்சத்தத் திருகைக் கூட்டிப் பார். வாட்ஸே கூடாமல் நீ வாசிப்பது கேட்கும்.

தக்கலை, ஆலயப் பாடகர் குழுவைச் சேர்ந்தவர்: ஆலயத்தில் நல்ல கிட்டார் ஆம்ப் ஒன்று சும்மா இருக்கிறது. பேஸை அதிலேயே செருகிக்கொள்ளலாமா?

சின்னச் சத்தத்தில் பழகலாம் ஐயா. ஆராதனையில் சத்தம் கூட்டினால் ஸ்பீக்கர் போய்விடும். பேஸின் திறந்த ஈ தந்தி, அதாவது விரல் வைக்காமல் மீட்டும் ஈ தந்தி, 41 ஹெர்ட்ஸ், அவ்வளவு அடிச்சத்தம். அதற்கு வேண்டிய அளவு முன்னும் பின்னும் ஆட கிட்டார் ஸ்பீக்கரின் கோனுக்கு (நடுவில் இருக்கும் காகிதக் கூம்பு) இடம் கிடையாது. என் பதினெட்டு வயதில் சிநேகிதனின் கிட்டார் ஆம்பில் நான் இதைச் செய்திருக்கிறேன். முதல் பாட்டில் நன்றாக இருந்தது, இரண்டாவதில் காகிதம் உரசுகிற மாதிரி ஒரு கரகரப்பு, மூன்றாவதில் கோன் ஓரத்தோடு கிழிந்தே விட்டது. கோன் மாற்றிய காசை ஐந்து மாதம் தவணையாகக் கொடுத்தேன்.

உங்கள் ஆலயத்தில் 15 இன்ச் பவர்ட் ஸ்பீக்கர் (உள்ளேயே ஆம்ப் இருப்பது) இருந்தால், பேஸின் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தருகிற டிஐ பெட்டி ஒன்று வாங்கி மிக்சர் வழியாக அதில் கொடுங்கள். புது ஆம்ப் வாங்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகலாம். பேஸை நேராக மிக்சரின் லைன் துளையில் செருகினால் சத்தம் மங்கிப்போகும், டிஐ எதற்கு என்றால் அதற்குத்தான்.

குளச்சல்: கொடை மேடையில் கூட்டம் இரண்டாயிரம் இருக்கும். எத்தனை வாட்ஸ் வேண்டும்?

கூட்டத்துக்குப் போட நீ ஏன் ஆம்ப் வாங்குகிறாய்? அது மைக் செட்காரர் வேலை. உன் ஆம்ப் உனக்கும் டிரம்ஸ்காரருக்கும் கேட்டால் போதும். ஆம்பின் பின்னால் எக்ஸ்எல்ஆர் டிஐ அவுட் (மைக் வயர் மாதிரி மூன்று பின் துளை) இருக்கிறதா என்று மட்டும் பார், அதிலிருந்து மிக்சருக்கு ஒரு வயர் போகும். ப்ரீ (திருகுகளுக்கு முன்), போஸ்ட் (பின்) என்று பொத்தான் இருந்தால் ப்ரீயில் வை, நீ மேடையில் திருகுவது வெளிச்சத்தத்தைக் கெடுக்காது. டிஐ இல்லாத ஆம்பை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன்.

இரணியல்: மேடையில் மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடிக்கிறது. ஆம்பில் எர்த் பின்னை எடுத்துவிடச் சொல்கிறார்கள்.

எடுக்காதீர்கள். யார் சொன்னாலும் எடுக்காதீர்கள். பேஸின் தந்தி ஆம்பின் எர்த்தோடு சேர்ந்தது, மைக் வேறு இடத்து எர்த்தோடு சேர்ந்தது, நடுவில் நிற்பது நீங்கள். இரண்டில் ஒன்றில் எர்த் சரியில்லை. ஜெனரேட்டர் ஓடுகிற இடத்தில், அதுவும் மழை பெய்த மண்ணில் நின்றுகொண்டு, இது விளையாட்டு இல்லை. ஆம்புக்கும் மிக்சருக்கும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுக்கச் சொல்லுங்கள், எர்த்தை எலெக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்லுங்கள். 'ஊம்' என்ற இரைச்சல் மட்டும்தான் தொந்தரவு என்றால் டிஐ பக்கத்தில் இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்தினால் போதும். அது சிக்னல் வயரின் எர்த்தை மட்டும்தான் பிரிக்கும்.

நாகர்கோவில்: அண்ணா, நான் ஸ்கூட்டியில் போகிற ஆள். முதுகில் பேஸ் இருக்கும். எது தூக்க முடியும்?

கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான் தங்கச்சி, யாரும் கேட்பதில்லை. இப்போது வருகிற கிளாஸ் டி என்ற வகை ஆம்புகளில் பெரும்பாலும் கனமான டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது, அதனால்தான் எடை பாதியாகிவிட்டது. ரம்பிள் 500இல் இரண்டு 10 இன்ச் ஸ்பீக்கர், ஆனாலும் 17 கிலோவுக்குள். ஸ்கூட்டியின் கால் வைக்கும் இடத்துக்கு அது பெரிசு. 10 கிலோவுக்குள் ஒன்றைப் பார், கடையில் ஒரு கையால் தூக்கி வாசல்வரை நடந்து பார்.

மார்த்தாண்டம்: அமெரிக்காவிலிருந்து சித்தப்பா ஆம்ப் கொண்டு வருகிறார்.

பின்பக்கம் 120 வோல்ட் மட்டும் எழுதியிருந்தால் நம் 230 வோல்ட்டில் செருகிய நொடியில் முடிந்தது. வோல்ட்டைக் குறைக்கிற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அதன் எடையையும் சேர்த்துத் தூக்க வேண்டும். துபாயிலிருந்து வருவதில் இந்தப் பிரச்சினை இல்லை, பிளக் மட்டும் மாற்றினால் போதும்.

குழித்துறை: தனி ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்), தனி கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) வாங்கலாமா? 4 ஓம், 8 ஓம் என்ன கணக்கு?

இரண்டு 8 ஓம் பெட்டியைச் சேர்த்துப் போட்டால் 4 ஓம், இரண்டு 4 ஓமைப் போட்டால் 2 ஓம். ஹெட்டில் 'குறைந்தது 4 ஓம்' என்றிருந்தால் 2 ஓமில் அது சூடாகிப் படுத்துவிடும். அதனால் முதல் பெட்டியை 8 ஓமில் வாங்கு. நடுவில் போடுவது ஸ்பீக்கர் வயராக இருக்க வேண்டும், கிட்டார் வயர் பார்க்க அதே மாதிரி இருந்தாலும் போடாதே.

திங்கள்சந்தை: கேரலுக்கு வீடு வீடாகப் போவோம், கரண்ட் கிடையாது.

ரோலண்ட் மைக்ரோ கியூப் பேஸ் ஆர்எக்ஸ் ஆறு பென்சில் பேட்டரியில் ஓடும். திண்ணையில் நின்று பாட அது போதும், டெம்போவில் செண்டை மேளம் வந்தால் பேஸை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். டிசம்பர் மழைக்கு ஒரு ரெக்சின் உறை தைத்துக்கொள்ளுங்கள்.

முட்டம்: பழைய ஆம்ப் விலைக்கு வருகிறது. என்ன பார்க்க வேண்டும்?

கடற்கரை வீட்டில் இருந்த ஆம்பா என்று கேள். உப்புக்காற்று ஜாக்கையும் ஸ்க்ரூவையும்தான் முதலில் தின்னும், துளைக்குள் டார்ச் அடித்துப் பச்சை பூத்திருக்கிறதா பார். உன் பேஸையே எடுத்துப் போ. திறந்த ஈ தந்தியை நல்ல சத்தத்தில் பத்து நிமிஷம் வாசி. அப்புறம் ஆம்பை அணைத்துவிட்டு, இரண்டு கையாலும் கோனை மெதுவாக உள்ளே தள்ளு. உரசல் கேட்டால் கோனை ஆட்டுகிற கம்பிச் சுருள் (வாய்ஸ் காயில்) போய்விட்டது, பேரமே பேசாதே.

அதே முட்டம்: உங்களுடைய பழைய 15 இன்ச் ஆம்பை விற்பீர்களா அண்ணே?

எடுத்துக்கொள். 34 கிலோ, இரண்டு பேராக வா.