நோட்டைக் கொடுத்தால் சீட் போய்விடுமா?

வணக்கம் சார். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ப்ளஸ் டூ படிக்கும் மகள் தன் இயற்பியல் நோட்டை வகுப்புத் தோழிக்குக் கொடுத்துவிட்டாள், அந்தத் தோழியும் அதே கல்லூரியில் அதே கம்ப்யூட்டர் சயின்ஸுக்குத்தான் குறிவைத்திருக்கிறாள், "பிழைக்கத் தெரியாத பெண்ணாக இருக்கிறாளே" என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். தோழியின் வீட்டுக்குப் போன் போட்டு, இனி நோட்டு கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும் கடைசியில் ஒரு வரி. அதைப் பற்றி அப்புறம் பேசுகிறேன்.

முதலில் கணக்கு. பொறியியல் கலந்தாய்வுக்குக் கட்ஆஃப் 200. கணிதம் 100, இயற்பியலும் வேதியியலும் பாதியாக்கப்பட்டுத் தலா 50. தரவரிசைப் பட்டியலில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். நோட்டு வாங்கிய பெண் முந்திப் போனால் உங்கள் மகள் இறங்குவது ஒரே ஒரு இடம். ஆனால் இயற்பியலில் ஒரு மார்க் கூடினால் கட்ஆஃப் அரை மார்க் ஏறும். கூட்டம் நெருக்கியடிக்கும் இடத்தில் அந்த அரை மார்க்குக்குள் நூற்றுக்கணக்கானவர்கள் நிற்பார்கள். எல்லாமே சமமாக வந்துவிட்டால் யார் முன்னே என்று கடைசியில் சொல்வது கணினி கொடுத்த ரேண்டம் எண். அதற்கு எதிராக எந்த நோட்டை ஒளித்துவைக்க முடியும்?

சரி, அந்த ஒரு மார்க் எங்கிருந்து வரும்? நான் பார்த்தவரை, யாருக்காவது சொல்லிக்கொடுக்கும்போது வருகிறது. என்னிடம் வந்த ஒரு மாணவன் லென்ஸ் கணக்குகளைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவான். பக்கத்து பெஞ்சுப் பையன் "இங்கே ஏண்டா மைனஸ் போட்டே?" என்று கேட்டதும் முழித்திருக்கிறான். பொருளின் தூரத்துக்கு மைனஸ் போடுவது கைப்பழக்கமாகிவிட்டது, காரணம் தெரியாது. தூரத்தை லென்ஸின் மையத்திலிருந்து அளக்கிறோம், ஒளி போகும் திசையில் அளந்தால் பிளஸ், எதிர்த்திசையில் மைனஸ் என்று அன்று மாலை படம் வரைந்து பார்த்த பிறகுதான் பிடிபட்டதாம். தனியாகவே படித்திருந்தால் அந்த ஓட்டை தேர்வு ஹாலில்தான் தெரிந்திருக்கும்.

1970களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கணிதவியலாளர் யூரி டிரைஸ்மன் கவனித்ததும் கிட்டத்தட்ட இதையேதான். கால்குலஸில் திணறிய கறுப்பின மாணவர்கள் உழைக்காமல் இல்லை, தனித்தனியாக உழைத்தார்கள். நன்றாகச் செய்த சீன வம்சாவளி மாணவர்கள் சேர்ந்து உட்கார்ந்து, ஒருவர் விடையை இன்னொருவர் சரிபார்த்துக்கொண்டார்கள். அவர் கடினமான கணக்குகளைக் கொடுத்துக் குழுவாக உட்காரவைத்ததும் திணறியவர்களின் மதிப்பெண் ஏறியது.

அதற்காக எல்லாவற்றையும் வாரிக்கொடுக்கச் சொல்லவில்லை. அடுத்தவருக்கு ரெக்கார்டு நோட்டு எழுதித் தருவது உதவியே இல்லை. பொதுத்தேர்வு நெருங்கும்போது நோட்டு வீட்டை விட்டுப் போகக் கூடாது. ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தால் போதும். வாங்கிக்கொண்டே இருக்கும் ஆட்களும் உண்டு. "இந்தப் பாடத்தை நீ எனக்குச் சொல்லிக்கொடேன்" என்று ஒருமுறை கேட்டால் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

கல்லூரியில் சேர்ந்த பிறகு கட்ஆஃபை யார் கேட்கப்போகிறார்கள்? இறுதியாண்டு புராஜெக்டை மூன்று நான்கு பேராகச் செய்ய வேண்டும். கேம்பஸில் குரூப் டிஸ்கஷன் வைத்தால், அடுத்தவரைப் பேசவிடாமல் கத்துகிறவரைத்தான் பெரும்பாலும் முதலில் கழிக்கிறார்கள். மென்பொருள் வேலையில் ஒருவர் எழுதிய புரோகிராமை இன்னொருவர் பார்த்துக் குறை சொல்லித் திருத்துவது அன்றாட நடைமுறை. வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருக்கும் நாளில் "எங்கள் ஆபீஸில் ஆள் எடுக்கிறார்கள், ரெஸ்யூமே அனுப்பு" என்று கூப்பிடுவதும் பழைய வகுப்புத் தோழர்கள்தான். உங்கள் மகளுக்கு இன்னும் நாற்பது வருட வேலைக்காலம் இருக்கிறது, சார். அதில் வென்றாயிற்று, முடிந்தது என்று சொல்லும் நாள் எதுவும் எனக்குத் தெரிந்து வராது.

இனி அந்தப் போன். மறுநாள் பள்ளியில் உங்கள் மகள் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாள் என்று கேட்டீர்களா? இன்றைக்கே திரும்பக் கூப்பிடுங்கள். ஏதோ பதற்றத்தில் பேசிவிட்டேன் என்றால் போதும், நீட்டி விளக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பெண்ணை உங்கள் வீட்டுக்கே படிக்க வரச் சொல்லுங்கள். வரும்போது அவளுடைய வேதியியல் நோட்டையும் எடுத்து வரட்டும்.