அப்பா தலையாட்டினால் போதாது

ஈசூனிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அப்பாவுக்கு 71 வயது. இதயச் செயலிழப்பு என்று மருத்துவமனையில் இருந்துவிட்டு இப்போதுதான் வீடு திரும்பினார். கிளம்பும் நேரத்தில் தாதி வந்து எடை, உப்பு, தண்ணீர், மாத்திரை எல்லாவற்றையும் விளக்கி, ஆங்கிலத்தில் ஒரு கையேடும் தந்தார். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வீட்டில் கேட்டால் ஒன்றும் நினைவில்லை. நான் வேலைக்குப் போகிறேன், சமைப்பது பணிப்பெண். எதிலிருந்து தொடங்குவது?"

எடையிலிருந்து. மற்றதெல்லாம் அப்புறம். காலையில் எழுந்து சிறுநீர் கழித்துவிட்டு, கோப்பி குடிப்பதற்கு முன்னால், அதே மாதிரி உடையில் அதே கருவியில் ஏறி நின்று, எண்ணை நாள்காட்டியில் அப்பாவே எழுத வேண்டும், நீங்கள் அல்ல. இதயம் சரியாக இறைக்காதபோது சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். 1 லிட்டர் நீர் தேங்கினால் 1 கிலோ கூடும். கால் வீக்கம் கண்ணுக்குத் தெரியும்போது பெரும்பாலும் சில லிட்டர் ஏற்கெனவே சேர்ந்திருக்கும், எடை அதற்கு முன்பே காட்டிக்கொடுத்துவிடும். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அன்றே தாதியைக் கூப்பிடுங்கள் (உங்கள் கையேட்டில் வேறு அளவு போட்டிருந்தால் அதைத்தான் பின்பற்ற வேண்டும்). நம் ஆட்கள் "எதற்குத் தொந்தரவு, அடுத்த சந்திப்பில் சொல்லிக்கொள்ளலாம்" என்று இருந்துவிடுகிறார்கள். தாதியின் தொலைபேசி எண்ணைக் கொடுப்பதே கூப்பிடத்தான். நேரத்தோடு சொன்னால் பல சமயம் மாத்திரையின் அளவை மாற்றியே சமாளித்துவிடலாம்.

படுக்கும்போது தலையணை ஒன்று கூடுதலாகத் தேவைப்படுவது, ராத்திரி மூச்சுத் திணறி எழுந்து உட்காருவது, வயிறு உப்பிச் சாப்பாடு இறங்காமல் போவது, இவற்றுக்கும் கூப்பிட வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மயங்கி விழுந்தாலோ நேராக 995-க்கு அழைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

இனி உப்பு. இதை அப்பாவுக்குச் சொல்லிப் பயனில்லை, கரண்டி யார் கையில் இருக்கிறதோ அவருக்குச் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்குச் சோடியம் அதிகபட்சம் 2,000 மில்லிகிராம், அதாவது சுமார் ஒரு தேக்கரண்டி உப்பு, அதுவும் சாஸ், ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் சேர்த்து. சிங்கப்பூரர்கள் சராசரியாக 3,620 மில்லிகிராம் சாப்பிடுகிறார்கள் என்று 2022 கணக்கெடுப்பு சொல்கிறது, ஆகவே உங்கள் வீடு மட்டும் விதிவிலக்காக இருக்க வாய்ப்பில்லை. பணிப்பெண்ணிடம் "உப்பைக் குறை" என்று மட்டும் சொன்னால் அவர் என்ன செய்வார், பாவம்? காலையிலேயே அன்றைய உப்பை அளந்து ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்துவிடுங்கள், எல்லாச் சமையலுக்கும் அதுதான். வெளியே சாப்பிட்டால் பரோட்டாவைக் குழம்பில் ஊறவைக்காமல் தொட்டுக்கொள்வது, மீ சூப்பில் மீயைச் சாப்பிட்டுவிட்டுச் சூப்பை விட்டுவிடுவது, இப்படித்தான்.

ஒரு எச்சரிக்கை. பேரங்காடிகளில் இப்போது சோடியம் குறைந்த உப்பு கிடைக்கிறது. மற்றவர்களுக்கு நல்லதுதான். ஆனால் அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். ஸ்பைரோனோலாக்டோன் போன்ற இதய மாத்திரைகள் ஏற்கெனவே பொட்டாசியத்தை உடம்பில் தங்கவைக்கும், இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம். மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள். மூட்டு வலிக்கென்று ஐபுபுரொஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளும் வேண்டாம், அவை நீரைத் தேக்கிவிடும்.

தண்ணீருக்கு அளவு சொல்லியிருந்தால் (எல்லாருக்கும் சொல்வதில்லை) ஒரு பாட்டிலில் அந்த அளவை நிரப்பி வையுங்கள். கோப்பி, ரசம், கஞ்சி எது குடித்தாலும் அதே அளவு நீரைப் பாட்டிலிலிருந்து கொட்டிவிட்டால் மிச்சம் எவ்வளவு என்று அப்பாவுக்கே தெரியும்.

நீர் மாத்திரையை (தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரை) பற்றி அப்பா உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கலாம். கோயிலுக்கோ தேக்காவுக்கோ போகும் நாளில், எம்ஆர்டியில் அவசரமாக வந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து பலர் அதைப் போடாமலே விட்டுவிடுகிறார்கள், கேட்டால் "போட்டாச்சு" என்பார்கள். திட்டாதீர்கள். வீடு திரும்பியதும் மதியம் போட்டுக்கொள்ளலாமா என்று தாதியிடம் கேளுங்கள், பெரும்பாலும் வழி இருக்கும்.

அப்பாவிடம் "புரிந்ததா?" என்று கேட்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். அதற்கு நம் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரே பதில்தான், "ம்ம், சரி சரி." "நாளைக்குக் காலையில 2 கிலோ ஏறியிருந்தா என்னப்பா செய்வீங்க?" என்று தமிழில் கேட்டு, அவர் வாயால் பதில் வரவேண்டும். வரவில்லையா, மறுபடியும் சொல்லிக் கொடுங்கள், அடுத்த நாள் மறுபடியும் கேளுங்கள். நாங்கள் மருத்துவமனையில் செய்ய முயல்வதும் இதுதான், ஆனால் வீடு திரும்பும் அவசரத்தில் யாருக்கும் மனதில் நிற்பதில்லை.

அடுத்த சந்திப்புக்கு நாள்காட்டியையும் எல்லா மாத்திரைகளையும், நாட்டு மருந்து இருந்தால் அதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். தமிழ் பேசும் தாதி கிடைப்பாரா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள், முடிந்தால் பணிப்பெண்ணையும் கூட்டிக்கொண்டு போங்கள்.