தாத்தா பேரு மூணு பேப்பர்ல மூணு விதமா இருக்கு, கெஜட்ல மாத்தலாமா?

கேள்வி: வணக்கம் சார். நான் கடலூர்ல இருக்கேன். தாத்தா காரைக்கால்காரர், பிரெஞ்சு ராணுவத்துல சொல்தாவா (சிப்பாயா) இருந்து வியட்நாம் சைகோன்ல வேலை பார்த்துட்டு 1955-ல பாண்டிக்குத் திரும்பி வந்தவர். 1962-ல பிரெஞ்சு நஷனாலிதேவே (குடியுரிமையே) வேணும்னு எழுதிக் கொடுத்த பேப்பர் வீட்ல இருக்கு. அப்பா சைகோன்ல பிறந்தவர், 1974-ல ஒரே ஒரு தடவை பிரெஞ்சு பாஸ்போர்ட் எடுத்தார், அப்புறம் ரென்யூ பண்ணவே இல்ல. இப்ப நான் நஷனாலிதே சர்டிஃபிகேட்டுக்குப் போடலாம்னு பார்த்தா தாத்தா பேரு பிறப்புப் பத்திரத்துல ஒரு ஸ்பெல்லிங், ராணுவ புக்ல ஒண்ணு, 1962 பேப்பர்ல இன்னொண்ணு. அப்பா பாஸ்போர்ட்ல தாத்தா பேரே குடும்பப் பேரா இருக்கு, என் ஆதார்ல அப்பா பேரு வெறும் இனிஷியல். ஒரு ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கொடுத்தா தாத்தா பேரை கெஜட்ல மாத்தி எல்லாத்தையும் ஒண்ணாக்கித் தரேங்கிறார். மாத்தலாமா?

பதில்: முதல்ல அந்த ஒன்றரை லட்சத்தை பீரோல வச்சுப் பூட்டுங்க. கெஜட்டுங்கிறது உயிரோட இருக்கிறவர் தன் பேரை இனிமேலுக்கு மாத்திக்கிறதுக்கு, செத்துப் போனவர் பேரை நீங்க மாத்த முடியாது, அப்படியே எவனாவது மாத்திக் கொடுத்தாலும் பாரீஸ்ல இருக்கிற நஷனாலிதே கோர்ட்ல உட்கார்ந்திருக்கிறவங்க அந்தப் பேப்பரைப் பார்த்ததும் என்னமோ மறைக்கிறாங்கன்னுதான் நினைப்பாங்க. இவ்வளவு பழைய பத்திரம் மூணும் அச்சு அசலா ஒரே ஸ்பெல்லிங்ல இருந்தாதான் எனக்கே சந்தேகம் வரும்.

ஸ்பெல்லிங் ஏன் மாறுதுன்னு புரிஞ்சா பாதி பயம் போயிடும். உங்க தாத்தா பேரை இங்க போட வேணாம், முத்துசாமின்னு வச்சுக்குவோம். பிரெஞ்சுல வெறும் யு போட்டா உகரம் வராது, ஓவும் யுவும் சேர்ந்தாதான் வரும், ரெண்டு உயிரெழுத்துக்கு நடுவுல ஒத்தை எஸ் வந்தா இஸட் மாதிரி ஆயிடும், அதனால டபிள் எஸ் போடுவாங்க. ஆக காரைக்கால் குமாஸ்தா எழுதினது எம் ஓ யு டி டி ஓ யு எஸ் எஸ் ஏ எம் ஒய். அதே முத்துசாமியை கடலூர்ல எழுதினா எம் யு டி எச் யு எஸ் ஏ எம் ஒய். காதுக்கு ரெண்டும் ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு ரெண்டு ஆளு. ழகரம் வந்தா இன்னும் கூத்து, பழனியை பிரெஞ்சுப் பத்திரத்துல ஜே போட்டு எழுதியிருப்பாங்க, டெல்லியில ஒருத்தர் அதைப் பஜனின்னு படிச்சதை நானே கேட்டிருக்கேன்.

இதோட நம்ம ஊருக்குன்னு ஒரு தலைவலி இருக்கு. நமக்குக் குடும்பப் பேரே கிடையாது, அப்பா பேருதான். பிரெஞ்சு ஃபாரத்துலயோ 'நோம்' (குடும்பப் பேரு), 'ப்ரெநோம்' (சொந்தப் பேரு)னு ரெண்டு கட்டம், காலியா விட முடியாது. அதுல அண்ணன் அப்பா பேரைப் போட்டான், தம்பி தன் பேரையே போட்டான், ஒரே வீட்ல ரெண்டு குடும்பப் பேரு, அடுத்த தலைமுறையில அவங்க பிள்ளைங்க அண்ணன் தம்பி முறைன்னு நிரூபிக்கவே தனியா பேப்பர் வேணும். உங்க அப்பா பாஸ்போர்ட்ல தாத்தா பேரு குடும்பப் பேரா உட்கார்ந்ததும் இப்படித்தான், அது தப்பு இல்ல.

இந்த இடத்துல ஒண்ணு செக் பண்ணிக்கோங்க, தாத்தாவோ அவர் அப்பாவோ ரெனோன்சானா? 1881 செப்டம்பர் 21 தேதியிட்ட பிரெஞ்சு அரசாணைப்படி இந்து, முஸ்லிம் வழக்கச் சட்டத்தை விட்டுட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு வரேன்னு எழுதிக் கொடுத்தவங்கதான் ரெனோன்சான், அப்படி எழுதும்போது தனக்கும் வாரிசுக்கும் சேர்த்து ஒரு குடும்பப் பேரு எடுத்துக்கணும். பாண்டி வக்கீல் பொன்னுத்தம்பி பிள்ளை, 1870கள்ல ஷூ போட்டுக்கிட்டு கோர்ட்டுக்குப் போய் பிரச்சனையானாரே, அவர் எடுத்துக்கிட்ட பேரு 'லாபோர்த்', கதவுன்னு அர்த்தம். இந்த மாதிரி கேஸ்ல ஸ்பெல்லிங் மாறல, பேரே மாறிடுச்சு, பழைய பேர்ல தேடிட்டே இருந்தா ஆள் கிடைக்கவே மாட்டார். சொத்துக்கும் இது முக்கியம், இந்து வாரிசுரிமைச் சட்டத்தோட 2-வது பிரிவே புதுச்சேரி ரெனோன்சான்களுக்கு அந்தச் சட்டம் கிடையாதுன்னு சொல்லுது, பாண்டியில வீடு வாசல் ஏதாவது இருந்தா பங்கு கணக்கே வேற. சரி, உங்க கேள்விக்கு வருவோம்.

எழுத்தைச் சரி பண்ணாதீங்க, ஆளை நிரூபிங்க. மூணு பேப்பரையும் மேசை மேல வரிசையா வச்சு பேரை ஒரு கையால மறைச்சுக்கிட்டு மத்ததைப் படிங்க. பிறந்த தேதி, பிறந்த ஊரு, அப்பா பேரு, அம்மா பேரு, பத்திர நம்பர், ராணுவ மாத்ரிக்குல் நம்பர் (படையில கொடுத்த பதிவு நம்பர்). 1962 பேப்பர்ல இருக்கிற பிறந்த தேதியும் ஊரும் காரைக்கால் பத்திரத்தோட ஒத்துப் போச்சுன்னா, அம்மா பேரும் ஒத்துப் போச்சுன்னா, ஸ்பெல்லிங் வித்தியாசம் பெரிய விஷயமே இல்ல. ராணுவ புக்ல தேதி மட்டும் 'சுமார்'னு போட்டிருந்தா பிரான்ஸ்ல போ நகரத்துல இருக்கிற ராணுவப் பணியாளர் ஆவணக் காப்பகத்துக்கு மாத்ரிக்குல் நம்பரோட எழுதி அவரோட ஃபைல் காப்பி கேளுங்க.

அப்புறம் பிறப்புப் பத்திரத்தோட டைப் அடிச்ச சுருக்கம் வேணாம், முழு ரெஜிஸ்டர் பக்கத்தோட காப்பி வேணும். நூறு வருஷம் தாண்டின பழசுன்னா எக்ஸ் ஆன் ப்ரொவான்ஸ்ல இருக்கிற காலனி ஆவணக் காப்பகம் ஆன்லைன்லயே பக்கம் பக்கமா போட்டிருக்கு, அதுக்குள்ள வர்றதுன்னா நான்த் ஊர்ல இருக்கிற மத்திய எத்தா சிவில் (பிறப்பு, கல்யாணம், இறப்புப் பதிவு) ஆபீஸ். ஏன் முழுப் பக்கம்னா, ஓரத்துல பின்னாடி எழுதின குறிப்பு இருக்கலாம், கல்யாணம், பேரு திருத்தம் மாதிரி. அதை விட முக்கியம் கீழே இருக்கிற கையெழுத்து. குமாஸ்தா மேல பிரெஞ்சுல கண்டபடி எழுதியிருப்பார், கீழே சொல்ல வந்த அப்பாவும் சாட்சிங்களும் தமிழ்ல கையெழுத்துப் போட்டிருப்பாங்க. ஒரு கட்சிக்காரருக்கு இப்படிப் பார்த்தோம், அண்ணன் பத்திரத்துல ஒரு ஸ்பெல்லிங், தம்பி பத்திரத்துல வேற ஸ்பெல்லிங், ரெண்டு பேருக்கும் ஒரே அப்பாவான்னு சந்தேகம், கீழே பார்த்தா ரெண்டுலயும் அதே ஆளு அதே கோணல் எழுத்துல, ககரத்தோட காலை கீழ வரைக்கும் இழுத்து விட்டு, தமிழ்ல போட்டிருக்கார். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்கிட்ட அந்தக் கையெழுத்தையும் பெயர்த்துக் கொடுக்கச் சொல்லுங்க, நிறைய பேர் 'தமிழில் கையொப்பம்'னு போட்டுட்டு விட்டுடுவாங்க, விடாதீங்க.

நான்த்ல இருக்கிற பத்திரத்துலயே வெறும் எழுத்துப் பிழைன்னா அங்க இருக்கிற ப்ரோக்கியூரருக்கு (அரசு வக்கீலுக்கு) எழுதித் திருத்தலாம். ஆனா நான் பெரும்பாலும் திருத்தவே சொல்ல மாட்டேன், ஒண்ணைத் திருத்தினா அதோட ஒத்துப் போயிட்டிருந்த இன்னொண்ணு ஒத்துப் போகாம போயிடும். இங்க 'இருவரும் ஒருவரே'ன்னு நோட்டரி அஃபிடவிட் கொடுக்கிறாங்களே, அதுக்கு அங்க மதிப்பு ரொம்பக் கம்மி, துணைக்கு வச்சுக்கலாம், தூணா நிக்காது. நெஜமாவே தேதி, ஊரு எல்லாம் மோதுதுன்னாதான் இங்க சிவில் கோர்ட்ல விளம்புகை வழக்கு (ரெண்டு பேரும் ஒரே ஆள்னு கோர்ட்டையே அறிவிக்கச் சொல்ற வழக்கு), அது வருஷக்கணக்குல இழுக்கும்.

இப்ப நீங்க கேட்காத கேள்வி, அதுதான் எனக்குப் பெருசாத் தெரியுது. பேரு சரியானாலும் உரிமை இருக்கா? பாண்டி, காரைக்காலையெல்லாம் பிரான்ஸ் இந்தியாவுக்குக் கொடுத்த ஒப்படைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது 1956 மே 28, அமலுக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16. அந்தப் பிரதேசத்துல பிறந்து அன்னைக்கு அங்கேயே குடியிருந்தவங்க இந்தியர் ஆயிட்டாங்க, வேண்டாம்னா 6 மாசத்துக்குள்ள எழுதிக் கொடுக்கணும். தாத்தா எழுதிக் கொடுத்துட்டார், நல்லது. கல்யாணமாகாத 18 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்கு அப்பா போட்ட கையெழுத்துதான் தலையெழுத்துன்னு ஒப்பந்தமே சொல்லுது, உங்க அப்பா அப்ப மைனர்னா அதுல சேர்ந்துட்டார். அவர் பிறந்தது சைகோன்ல, ஒப்பந்தம் பேசுறது பிரதேசத்துக்குள்ள பிறந்தவங்களைப் பத்தி, அதுவும் உங்க பக்கம்தான், ஃபைல்ல தனியா ஒரு பாரா எழுதுங்க.

சிக்கல் எங்கன்னா பிரெஞ்சு சிவில் கோட் 30-3-வது பிரிவு. முன்னோர் அரை நூற்றாண்டுக்கு மேல வெளிநாட்டுலயே இருந்து, நீங்களும் உரிமையைக் கொடுக்க வேண்டிய அப்பாவும் பிரெஞ்சுக்காரரா நடந்துக்கவே இல்லைன்னா, வம்சாவளி மூலமா நிரூபிக்கவே விட மாட்டாங்க. பாண்டி குடும்பங்களுக்கு அந்தக் கணக்கு 1962-ல ஆரம்பிச்சு 2012 ஆகஸ்ட்ல முடிஞ்சு போச்சு. மாத்ரிக்குல், சைகோன் போட்டோ, தாத்தா பென்ஷன் எல்லாம் கையில இருந்தும் இந்த ஒரு பிரிவுல அடிபட்டவங்க நிறைய பேர் எங்கிட்ட வந்து அழுதிருக்காங்க. தாத்தா பென்ஷன் தாத்தாவுக்குத்தான் சாட்சி. உங்களைக் காப்பாத்தக் கூடியது அப்பாவோட 1974 பாஸ்போர்ட். அதோட அவர் பேர்ல கான்சுலேட் பதிவு அட்டை, பிரெஞ்சு ஓட்டர் லிஸ்ட், கான்சுலேட்ல இருந்து வந்த கடிதம், 2012-க்கு முன்னாடி தேதி உள்ளது எது இருந்தாலும் தேடி எடுங்க. ஒரே ஒரு பாஸ்போர்ட் போதுமான்னா ஜட்ஜுக்கு ஜட்ஜ் மாறும், நான் போதும்னு உத்தரவாதம் தர மாட்டேன்.

உங்க பக்கம் அப்பா அம்மா கல்யாணப் பதிவும் உங்க பிறப்புச் சான்றும் வேணும். நீங்க மைனரா இருக்கும்போதே அப்பா பிள்ளை உறவு நிலைநாட்டப்பட்டிருக்கணும்ங்கிறது அங்க சட்டம், பிறந்த கையோட பதிவான சர்டிஃபிகேட்ல அப்பா பேரு இருந்தா கவலை இல்ல, போன வருஷம் லேட் ரெஜிஸ்ட்ரேஷன் பண்ணினதுன்னா ஆஸ்பத்திரி ரெக்கார்டும் ஸ்கூல் ரெக்கார்டும் சேர்த்து வைங்க. இந்தியப் பேப்பருக்கெல்லாம் அப்போஸ்தில் (வெளிநாட்டுல செல்லுபடியாக அரசு போடுற முத்திரை) போட்டு, மொழிபெயர்த்து அனுப்பணும். முன்னாடி ஒரு பக்கக் கவரிங் லெட்டர்ல தாத்தா பேரு எத்தனை விதமா வருதோ அத்தனையும், எந்தப் பேப்பர்ல எந்த ஸ்பெல்லிங்னு நீங்களே முந்திக்கிட்டுச் சொல்லிடுங்க, அவங்க கண்டுபிடிச்சா அது ஓட்டை, நீங்க சொன்னா விளக்கம். நிராகரிச்சா 6 மாசத்துக்குள்ள அங்க வக்கீல் வச்சு கோர்ட்டுக்குப் போகணும், அந்த லெட்டர் வந்த தேதியுள்ள கவரைக் கிழிச்சுப் போட்டுடாதீங்க.

அப்புறம் அப்பா பாஸ்போர்ட்டையும் 1962 பேப்பரையும் பத்திரமா இருக்கட்டும்னு லேமினேட் பண்ணிடாதீங்க, ஏற்கனவே பண்ணியிருந்தா நீங்களா பிரிக்கவும் வேணாம், அப்படியே கொண்டு வாங்க.